வாங்காமல் போனவர்களின் நோட்டு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் வியாபாரிகள் சங்கத் தலைவர் தம்பி குணா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகிகளே, முன் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆபேல் சார் அவர்களே, அவருடைய மகள் ஜென்சி அவர்களே, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் வியாபாரிகளே, பூட்ட மனம் வராமல் ஆளை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரிகளே, அனைவருக்கும் தாம்பரம் மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் இந்தத் துலுக்காணத்தின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை விஷயத்தைப் பேச வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிக்கவும் மாட்டேன், அந்த விஷயத்தைப் பேசாமல் இறங்கவும் மாட்டேன். நாற்பது வருடமாக என்னைத் தெரிந்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

திருமதி ஜெரூஷா ஆபேல் அம்மையார் போன மாதம் பத்தாம் தேதி காலையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயது. என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். நான் இங்கே நின்று பேச, அவர் படத்தில் இருக்கிறார். இது என்ன நியாயம்!

யார் அந்த அம்மையார்? அவர் கடை வைத்தவரா? இல்லை. ஒரு டீத்தூள் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவர். செங்கல்பட்டிலிருந்து பல்லாவரம் வரை ஸ்கூட்டரில் போய், கடை கடையாக ஏறி இறங்கியவர். வேலையை விட்ட பிறகு, ஏழு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணிக்கு, கூட்டம் குறைந்திருக்கும் அந்த நேரம் பார்த்து, சேலையூரில் இதே ஹாலில் உட்கார்ந்து, நம்மைப் போன்ற சின்னக் கடைக்காரர்களுக்கு எப்படி விற்பது என்று சொல்லிக்கொடுத்தவர். கட்டணம் கேட்டாரா? இல்லை. மேடை கேட்டாரா? இல்லை. ஏழு வருடத்தில் ஒரு நாளாவது அவரை இந்த மேடையில் உட்கார வைத்தோமா? இல்லை! இன்று படமாக ஏற்றி வைத்திருக்கிறோம்.

பின்னால் இருக்கும் பேனரைப் பாருங்கள். அம்மையார் முகம் ஒன்று. நிர்வாகிகள் முகம் ஏழு. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "அண்ணா, போர்டுல உங்க போட்டோ எதுக்கு? நீங்களா விற்பனைக்கு இருக்கீங்க? பஸ்ல போறவங்களுக்கு மூணு செகண்டுதான் டைம். என்ன கிடைக்கும்னு பெருசா போடுங்க, உங்க பேரைச் சின்னதா போடுங்க." இதைக் கேட்டுப் போர்டை மாற்றிய கடைகள் கேம்ப் ரோட்டில் எத்தனை! கையைத் தூக்கச் சொன்னால் பாதி ஹால் தூக்கும்.

இரும்புலியூர் பச்சையம்மா இங்கே இருக்கிறார். இட்லி மாவு விற்கிறார். "மாவு கிடைக்கும்" என்று எழுதி வைத்திருந்தார். அம்மையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எப்ப அரைச்சீங்க அக்கா?" பச்சையம்மா, "விடிகாலம் அஞ்சு மணிக்குமா, கண்ணுல தூக்கம் கூட போவாம" என்றார். "அதை எழுதுங்க. தூக்கத்தை இல்ல, மணியை." அன்றிலிருந்து வாசலில் ஒரு சிலேட்டு. "இன்று காலை ஐந்து மணிக்கு அரைத்தது." அவ்வளவுதான். பெரிய கடைப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பித் தேதி தேடிக்கொண்டிருந்தவர்கள், இந்தச் சிலேட்டைப் பார்த்துப் பச்சையம்மாவிடம் வந்தார்கள். இன்றும் வருகிறார்கள்.

தலைவர் குணாவும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருடைய பீரோ கடையில் வருடம் முழுக்கத் தள்ளுபடிப் பலகை தொங்கும். "வருஷம் பூரா தள்ளுபடின்னா அதுதானே தம்பி உங்க விலை? யாரு அவசரப்பட்டு வருவாங்க?" என்று கேட்டார் அம்மையார். பலகை இறங்கியது. காலையில் எல்லோருக்கும் ரோஜாப்பூப் படம் அனுப்பிக்கொண்டிருந்தோமே, அதையும் அவர்தான் நிறுத்தினார். "கஸ்டமருக்கு உங்களால ஒரு பிரயோஜனம் இருக்கிற அன்னைக்கு மட்டும் மெசேஜ் அனுப்புங்க" என்றார்.

ஆனால் அவருடைய பெரிய சொத்து ஒரு நோட்டு. வாங்கினவர்களை எல்லோரும் கும்பிடுவார்கள். அவர் கேட்டது, வாங்காமல் போனவர்களைப் பற்றி. கடைக்கு வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனவரிடம் மரியாதையாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும். ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தினமும் ஒரு வரி நோட்டில் எழுத வேண்டும். சனிக்கிழமை அதைக் கொண்டுவர வேண்டும். இதுதான் அவர் பாடம்.

நான் எழுதினேனா? எழுதினேன். மூன்று மாதம், தினமும் ஒரே வரி. "விலை அதிகம் என்றார்." ஒருவரையும் நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஏழு நாளுக்கும் சேர்த்து எழுதுவேன். அம்மையார் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, "அண்ணா, உங்க கடை லீவு விட்ட பொங்கலன்னைக்குக்கூட ஒருத்தர் வந்து விலை அதிகம்னு சொல்லியிருக்காரே!" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. இப்போது சிரிக்கிறீர்களே, அதைவிட அதிகமாகச் சிரித்தது. நான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஏன் கேட்கவில்லை? பயம். கருவாடு விற்பவனிடம், "உன் சரக்கு நாறுது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கோவளத்துக் கடற்கரையில் பிறந்தவன் நான். பள்ளிக்கூடம் இரண்டாவதோடு சரி. கருவாடு கட்டுகிற பழைய பேப்பரைப் படித்துப் படித்துத்தான் எழுத்துக் கற்றேன். இப்போது உங்கள் முன் பேசுகிற தமிழும் அந்தப் பேப்பர் கொடுத்ததுதான். சரக்கிலும் குறை இருக்க முடியாது, பேப்பரில் கட்டுவதிலும் குறை இருக்க முடியாது என்று நினைத்தவன் நான்.

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் நிமிர்ந்து பார்க்கிறேன், எதிர்ப் பக்கம் பஸ் நிற்கும் இடத்தில் தண்ணீர் பாட்டிலோடு அம்மையார் நிற்கிறார். என் கடையைப் பார்த்துவிட்டு வாங்காமல் ரயிலுக்குப் போகிறவர்களைக் கவனித்தபடி ஒரு மணி நேரம் நின்றார். கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. அப்புறம் சாலையைக் கடந்து வந்து, கால் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கினார். பேப்பரில் கட்டிக் கொடுத்தேன். கைப்பையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, ஒரே ஒரு ஸ்டேஷன் என்னோட ட்ரெயின்ல வாங்க" என்றார்.

"எதுக்குமா?"

"சும்மா வாங்க. என்னைத் தனியா அனுப்பாதீங்க."

ஏறினோம். ஆபீஸ் விட்டு வருகிற கூட்டம். வண்டி இன்னும் கிளம்பக்கூட இல்லை, அதற்குள் பக்கத்தில் இருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அய்ய! இன்னாக்கா பையில? கருவாடா? பேஜாரா கீதே!"

எனக்குப் பொறுக்குமா? "ஏம்மா, நீ கருவாடே துன்னதில்லையா? பன்னீர்லயே வளர்ந்தியா?" என்றேன்.

"யோவ் பெரிசு, நான் துன்ற அளவுக்கு நீ துன்னிருக்க மாட்ட! வாரத்துல மூணு நாளு வச்சாலும் மூணு நாளும் துன்னுவேன். அதுக்கோசரம் ரயில்ல மடியில வச்சிகினு வூடு வரைக்கும் அல்லார் கண்ணும் என் மேலயே இருக்கணுமா? மார்க்கெட்டாண்டதான் தெனமும் நடந்து போறேன். ஆசையாத்தான் கீது. அதான் பாக்கறதோட சரி."

அம்மையார் பையிலிருந்து ஒரு புது நோட்டையும் பேனாவையும் எடுத்து என் கையில் கொடுத்தார். "எழுதுங்கண்ணா."

ஓடுகிற ரயிலில், கோணல் மாணலாக, என் வாழ்நாளில் முதல் உண்மையான வரியை எழுதினேன். அடுத்த ஸ்டேஷன் சானடோரியத்தில் இறங்கித் திரும்பி வந்தோம். விலையும் இல்லை, சரக்கும் இல்லை. தடை அந்த ரயில்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பத்தெட்டு வருடம் ஆகியிருக்கிறது!

கெட்டியான உறை வாங்கினேன். சீல் போடும் மிஷின் வாங்கினேன். மேலே ஒரு துணிப்பை, அதில் கருவாடு என்ற எழுத்தே கிடையாது. "ரயிலில் கொண்டுபோகலாம், வாசனை வராது" என்று வாசலில் எழுதி வைத்தேன். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். மூட இருந்த கடை பிழைத்தது.

அந்த வருடம் சங்க ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். மைக்கைப் பிடித்து நான் என்ன சொன்னேன்? "இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. என் சொந்த யோசனை" என்றேன். எல்லோரும் கை தட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்த அம்மையாரும் கை தட்டினார். மூன்று வருடம் ஆகிறது. ஒரு தடவைகூட அவர் என்னைத் திருத்தவில்லை. நானும் திருத்திக்கொள்ளவில்லை. நான் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவன்.

போன வாரம் ஜென்சி என் கடைக்கு ஒரு நோட்டுக் கொண்டுவந்தார். அம்மாவுடையது. நம் எல்லோருக்கும் நோட்டுப் போடச் சொன்னவர், தானும் போட்டிருக்கிறார்! தான் சொன்னதை அன்றைக்கு யார் எடுத்துக்கொள்ளவில்லை, ஏன் என்று. ஏழு வருடச் சனிக்கிழமைகள். ஒரு இடத்தில்கூட, "அவருக்குப் புரியவில்லை", "அவர் பிடிவாதக்காரர்" என்று கிடையாது. காரணம் என்று எழுதிய இடத்திலெல்லாம் தன்னைத்தான் எழுதியிருக்கிறார்.

நான் வெளியேறிய நாளைத் தேடினேன். படிக்கிறேன். "துலுக்காணம் அண்ணா இன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. காரணம்: பெரியவரிடம் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். கடைக்குப் போய் எதிரில் நிற்க வேண்டும்."

ஆண்டு விழா நாளையும் தேடினேன். அதில் ஒரே வரி. "துலுக்காணம் அண்ணா முழுசாக எடுத்துக்கொண்டார்."

இவ்வளவுதான். இதைப் படித்த பிறகு நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பேன்?

ஆகையால் கேளுங்கள். அது என் யோசனை அல்ல. ஜெரூஷா அம்மையாரின் யோசனை. இதோ, அன்று நீங்கள் போர்த்திய பொன்னாடை. மடிப்புக் கலையாமல் வைத்திருந்தேன். அவர் படத்தின் காலடியில் வைக்கிறேன். ஆபேல் சார், இது உங்கள் வீட்டுக்கு வர வேண்டியது. மூன்று வருடம் தாமதமாக வருகிறது.

இனி சனிக்கிழமை. வரும் மாதத்திலிருந்து இந்த ஹாலைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு விடப் போவதாகச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. "சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையே" என்கிறார்கள். ஆள் எதற்கு? நோட்டு இருக்கிறது. நாற்பது பேரிடம் நாற்பது நோட்டு இருக்கிறது. வாங்காமல் போனவர் என்ன சொன்னார் என்று ஒருவர் படித்தால், மற்றவர்கள் கேட்டுப் பேசினால் போதாதா? பச்சையம்மா வருவதாகச் சொல்லிவிட்டார். நான் வருவேன். அம்மையார் தந்த வேலையை என் கடைசிச் சனிக்கிழமை வரை செய்வேன் என்று இந்தப் படத்தின் முன் உறுதி சொல்கிறேன். ஹால் இல்லையென்றால் என் கடையில் உட்காருவோம். மூக்கைப் பொத்திக்கொண்டாவது வாருங்கள்!

தம்பி குணா, மூன்று மணிக்கு இந்த ஹாலின் சாவி எங்களுக்கு வேண்டும். நீங்கள் தலையாட்டவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் என் நோட்டில் எழுதுவேன். "குணா இன்று எடுத்துக்கொள்ளவில்லை. காரணம்: நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன்."

நாளைக் காலை கடை திறக்கும்போது எதிர்ப் பக்கம் பாருங்கள் தம்பி. தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருப்பேன்.

அம்மா ஜெரூஷா, நன்றி.