நார்மலில் நிற்கும் முள்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலை மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் சாரின் துணைவியார், எங்கள் அக்கா அவர்களே, பாய்லர் பிரிவுத் தோழர்களே, வணக்கம்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. மறைந்த நம் தலைமைப் பொறியாளரை மேடையில் எப்படி அழைத்தாலும், ஆலைக்குள் அவர் பெயர் சந்தேகம் சார். அந்தப் பட்டத்துக்கு அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. “சந்தேகப்படறதுக்குத்தான்யா என்னை வேலைக்கு வச்சிருக்காங்க” என்பார்.

அவர் சந்தேகப்பட்டது மனிதர்களை அல்ல. ‘நார்மல்’ என்ற வார்த்தையை. டாக்டர் நார்மல் என்றால் பிழைத்தோம். பிரசவ அறை வாசலில் நார்மல் என்றால் கத்தி படவில்லை. மேலதிகாரி ‘இதெல்லாம் நார்மல்’ என்றால்? வாயை மூடிக்கொண்டு போ என்று அர்த்தம். ஷிஃப்ட் மாற்றிக்கொடுப்பவர் நார்மல் என்றால்? முந்தைய ஷிஃப்ட்காரர் சொன்னார், நானும் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்!

சாரிடம் அது நடக்காது. ஷிஃப்ட் ஏற்பவர், அழுத்தம் காட்டும் ஒவ்வொரு பிரஷர் கேஜின் கண்ணாடியையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். “உயிரோட இருக்கற முள்ளு கொஞ்சமாவது ஆடும்யா. ஆடாம நிக்கறதை நம்பாதே.” வீட்டில் சுவர்க் கடிகாரத்தையும் தட்டுவாராம். ‘கொஞ்சம் நார்மலான மனுஷனா இருங்களேன்’ என்று அக்கா திட்டியதை எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

போன வாரம் மூன்றாம் பாய்லரின் முள் தட்டியும் ஆடவில்லை. பாய்லரை நிறுத்தி கேஜை மாற்றச் சொல்லி அவர் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். “நார்மலாத்தானே காட்டுது?” என்று பதில் வந்தது. சொன்னவர் இந்த மேடையில்தான் இருக்கிறார். அன்றே, எங்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, பாதுகாப்பு வால்வைச் சோதிக்க சார் மட்டும் ஏறினார். நீராவிக் குழாய் வெடித்தது.

இப்போது என்ன சொல்கிறார்கள்? அழுத்தம் நார்மலாக இருந்ததாம். ஆகவே தவறு சாருடையதாம்! வால்வைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டாராம். இதை அக்காவின் காதிலும் போட்டிருக்கிறார்கள். நாளை அதே பாய்லரில் நெருப்பு வைக்கப் போகிறார்களாம்.

தோழர்களே, சாருக்குப் பதில் இனி நாம் சந்தேகப்படுவோம். அந்த கேஜை எல்லார் கண்முன்னும் கழற்றிச் சோதிக்கும்வரை நம் கை அங்கே நெருப்பு வைக்காது. அதற்குள் யாராவது அதை மாற்றிவிடுவார்களோ என்று இரண்டு பேரைக் காவல் நிறுத்திவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

வருமுன் பாய்லர் மேல் கை வைத்துப் பார்த்தேன். அணைத்து ஒரு வாரம் ஆகிறது, சில்லென்றிருந்தது. உள்ளே நெருப்பில்லை, நீராவி இல்லை. முள் மட்டும் இன்னும் நார்மலில் நிற்கிறது.

மேலாளர் அவர்களே, கூட்டம் முடிந்ததும் எங்களோடு வாருங்கள். அக்காவும் வருவார். அவர் முன்னால் நீங்களே அதைத் தட்டிப் பாருங்கள்.