வெளியே போன நேரம்

மத்தியானம் பன்னிரண்டு மணி. கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற ரோடு...

ஏன்லே இசக்கி சிரிக்க? பேய் ராத்திரிதான் வரணுமோ? சேலை கட்டி வரணும், கொலுசு போட்டு வரணும், உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். மூட்டை தூக்குற பயலுக்கு ஆசையைப் பாரு. பீடியை அணைச்சிட்டு இங்கன எல்லார் கூடவும் வந்து உக்காரு. லாரி வர இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். கரண்டும் வராது. கேக்கதுன்னா கேளு, இல்லேன்னா சாக்குல சுருண்டு படு.

ரெண்டாயிரத்து நாலாம் வருசம், பங்குனி. அந்நேரத்துக்கு அந்த ரோட்டில் ஒரு ஆள் நடமாட்டம் கிடையாது. ரெண்டு பக்கமும் கரிசல் வெடிச்சுக் கிடக்கு, கால் உள்ளே போற அகலத்துக்கு. பறிச்சு முடிஞ்ச பருத்திமார் வெறும் குச்சியாக் காஞ்சு நிக்குது. ஊரை விட்டுத் தள்ளி ஒரு தீப்பெட்டி ஆபீஸ். பேர் வேண்டாம். அங்கன வாட்ச்மேன் சோலைமுத்து. நம்ம டிரைவர் கடற்கரை இருக்கான்லா, அவன் அக்கா மாப்பிள்ளை. அவன் சொன்னதுதான் இது. நான் பார்த்ததும் கொஞ்சம் உண்டு. அது கடைசியில்.

அந்த மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஆபீஸில் தீப்பிடிச்சது. குச்சி முனையை மருந்தில் முக்குற ரூம். மணி பன்னிரண்டே பத்து. முப்பிடாதின்னு ஒரு பிள்ளை, பத்தொன்பது வயசு, உள்ளயே கருகிப் போயிட்டா. மொதலாளி என்ன சொன்னான் தெரியுமா? அவ அன்னைக்கு வேலைக்கே வரலயாம். மருந்து திருடப் பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சாளாம். அவளாலதான் தீயே பிடிச்சதாம். செத்தவ எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்லப் போறாளா... அந்தத் தைரியம்.

அவ அம்மா மீனாட்சியம்மாள் தினமும் கேட்டுக்கு முன்னால் வந்து உக்காந்துக்கிடும். கத்தாது. மண்ணை வாரித் தூத்தாது.

"எம் பிள்ளை வேலைக்கு வந்தவ. திருட வந்தவ இல்ல. அதை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க. நான் போயிருதேன்."

அவ்வளவுதான் கேக்கும். இளைய பிள்ளையை, திருடி தங்கச்சின்னு எந்த ஆபீஸ் வேனிலும் ஏத்தல.

சோலைமுத்து அன்னைக்குக் காலையில் கேட்டில் நின்னவன். முப்பிடாதி தூக்குச்சட்டியோட உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தவன். "சாப்ட்டாச்சா அண்ணாச்சி"ன்னு அவ கேட்டதுக்கு, "ஆச்சு தாயி"ன்னு பதில் சொன்னவன். வாயைத் திறந்தானா? அந்தம்மா கேட்டுக்கு அந்தப் பக்கம், இவன் இந்தப் பக்கம், நடுவில் கம்பி. கம்பி வழியாத் தண்ணி குடுத்தானாம். அதையும் பெருமையா எங்கிட்ட சொன்னான்.

மனுசன் வாயைத் திறக்கல. மிச்சம் கம்ப்யூட்டர்தான்.

கேட்டில் ஒரு பெட்டி, மொதலாளி ரூமில் ஒரு பெட்டி. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தாங்கன்னு கேட்டுப் பெட்டியில் அடிப்பாங்க. மத்தியானம் பன்னிரண்டுக்கு, எல்லாரும் சோத்துக்கு எந்திரிக்குற நேரம், அந்தப் பட்டியல் வயர் வழியா மொதலாளி ரூம் பெட்டிக்குத் தானா நகல் போகும். அங்கிருந்து நாளுக்கு ஒரு சிடியிலும் ஏறும். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கட்டும்னு. சாயங்காலம் அதைத் தாளில் அடிச்சு வைப்பாங்க. வெளியே போறவ அவ பேருக்கு நேரே நேரத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போடணும். தெரியாதவ கைநாட்டு.

தீப்பிடிச்ச அன்னைக்குத் தாள் அடிக்கல. ஆனா பட்டியல் பெட்டிக்குள்ள இருக்கு. முப்பிடாதி, உள்ளே வந்த நேரம் ஏழு நாப்பத்திரெண்டு. திங்கக்கிழமை விசாரணைக்கு ஆபீசர் வாறார், பெட்டியைத் திறந்து பார்ப்பார். அதுக்குள்ள அந்த ஒரு வரி இல்லாமப் போகணும்.

அதுக்குன்னு வந்தான் பாண்டியராஜன். மொதலாளிக்கு அக்கா மகன், இஞ்சினியர் படிப்பு. பெட்டி ரெண்டையும் மாட்டினவனே அவன்தான். ஊரெல்லாம் ஒண்ணைப் போட்டா இவன் லினக்ஸ்னு வேற ஒண்ணைப் போடுவான். "வைரஸ் வராது. நான் சொன்னதை மட்டும்தான் செய்யும்"பான். பொம்பளைக கைநாட்டு வைக்கையில் மைப்பெட்டியைக் காலால் தள்ளிவிடுவான். அப்பேர்ப்பட்ட படிப்பு.

வியாழக்கிழமை வந்தான். ரெண்டு பெட்டியிலும் அந்த வரியை அழிச்சான். "முடிஞ்சது மாமா"ன்னு போன் போட்டுச் சொன்னான். மணி பன்னிரண்டு ஆச்சு... நகல் ஓடுச்சு. பன்னிரண்டே பத்துக்குத் திறந்து பார்த்தா, வரி அங்கனயே இருக்கு.

அவன் சிரிச்சான். சோலைமுத்துவைக் கூப்பிட்டு வேற விளக்கினான். "கேட்டுப் பெட்டியோட கடிகாரத்தைப் பாரு. செவ்வாய்க்கிழமையிலயே நிக்குது. உள்ளே ஒரு பேட்டரி இருக்கும், அது செத்துப்போச்சு. எது புதுசு எது பழசுன்னு தெரியாம பழைய பட்டியலைக் கொண்டாந்து போட்டுருது. கைநாட்டுப் பயலுவளுக்கு இதெல்லாம் பேய் பிசாசு மாதிரித் தெரியும்."

கோவில்பட்டி போய்ப் புது பேட்டரி வாங்கியாந்து மாட்டினான். தேதியைச் சரி பண்ணினான். மறுபடியும் அழிச்சான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே பத்து. கடிகாரம் செவ்வாய்க்கிழமைக்கே போய் நிக்குது. வரியும் இருக்கு.

சரி, அவ காய்ச்சல்னு வராத ஒரு நாள் போன மாசத்தில் உண்டு. அந்த நாள் பட்டியலைச் சிடியிலிருந்து எடுத்து, தேதியை மாத்தி மேலே போட்டுட்டா மொத்தமும் மறைஞ்சிரும்னு கணக்குப் போட்டான். அலமாரியைத் திறந்தா... ஒவ்வொரு சிடியிலும் நடுச்சென்டரில் சந்தனம், அதுக்கு மேலே குங்குமம். மொதலாளி பொண்டாட்டி வெள்ளிக்கிழமை தவறாம பூசை போடுவா. பளபளன்னு இருக்குற பக்கமா பார்த்துப் பொட்டு வச்சிருக்கா, லட்சுமி அங்கனதான் இருப்பாள்னு. காஞ்ச சந்தனம் உள்ளே போய் பெட்டி கர்புர்ன்னுது. ஒண்ணும் ஓடல. பொட்டு வைக்காத சிடி ஒண்ணே ஒண்ணுதான். பெட்டி வாய்க்குள்ளேயே மாட்டிக்கிட்டதால் அவ கையில் சிக்கல. அது நல்லா ஓடுச்சு. அது செவ்வாய்க்கிழமை சிடி.

சிரிங்க. நானும் சிரிச்சேன் அந்த இடத்தில்.

சனிக்கிழமை அவன் சிரிக்கல. ரெண்டு பெட்டிக்கும் நடுவில் போற வயரையே உருவிட்டான். சுருட்டி சோலைமுத்து கையில் குடுத்து, "கேட்டுல வச்சுக்கிட்டு உக்காரு. யார் கேட்டாலும் குடுக்காத"ன்னுட்டான். இவன் ஸ்டூலில் உக்காந்து வயரை மடியில் வச்சிருக்கான். கம்பிக்கு அந்தப் பக்கம் மீனாட்சியம்மாள். வெயில் மண்டையைப் பிளக்குது. காத்து இல்ல. பன்னிரண்டு மணிக்கு... மடியில் இருந்த வயர் சூடாச்சு. ரெண்டு முனையும் ஒண்ணுலயும் மாட்டல, அவனே பார்த்துக்கிட்டு இருக்கான். தொடை சுட்டுது. உதறிட்டு எந்திரிச்சான்.

உள்ளேயிருந்து பாண்டியராஜன் கூப்பிட்டான்.

"யோவ் வாட்ச்மேன். இங்க யாருய்யா வந்து உக்காந்தது?"

"யாரும் வரல சார். சாவி என் இடுப்புல இருக்கு."

"அழிக்க விடமாட்டேங்குது. அனுமதி இல்லைங்குது. நான்தான்யா இந்தப் பெட்டிக்கு ரூட்டு. எனக்கு மேல ஆள் கிடையாது. எனக்கே அனுமதி இல்லையாம்."

ஒரு பட்டியல் யாருக்குச் சொந்தம்னு பெட்டியில் ஒரு ஓரத்தில் எழுதியிருக்குமாம். எப்பவும் அங்கன அவன் பேர்தான் இருக்கும். இப்ப வேற பேர் இருக்கு. எழுத்தெழுத்தா வாசிச்சான்... மு... ப்பி... டா... தி. அப்படி ஒரு பேரை அந்தப் பெட்டியில் யாரும் உண்டாக்கவே இல்லை.

சோலைமுத்துக்கு அப்பத்தான் வாடை அடிச்சுதாம். மெழுகும் மருந்தும் கருகுற வாடை. கூடவே, முடி பொசுங்குற வாடை.

அந்த இடத்தோட விட்டிருந்தா அவன் மனுசன். படிச்சவன்லா, தோக்க மனசு வரல. மொதலாளியும் விடல. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மொத்தத்தையும் தொடச்சுரு. பெட்டி தீயில் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிடலாம்"னு சொல்லிட்டான்.

ஞாயித்துக்கிழமை பதினொன்னே முக்காலுக்கு பாண்டியராஜன் மொதலாளி ரூமுக்குள்ள போய் உள்பக்கம் தாழ் போட்டான். சோலைமுத்து கேட்டில். அந்தம்மா அதே இடத்தில். ரூம் சன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தது.

பன்னிரண்டு. கரண்டு போச்சு.

அந்தப் பக்கம் கரண்டு போறது அதிசயமில்ல. ஃபேன் நின்னது, தூரத்துப் பம்புசெட்டு நின்னது. எங்கும் சத்தமே இல்ல... அப்புறம் ஒரு சத்தம். மருந்தில் முக்குறதுக்காகக் கட்டையில் குச்சியை வரிசையா அடுக்குற சத்தம். சர்ர்ர்... டப். சர்ர்ர்... டப். ஆபீஸ் பூட்டிக் கிடக்கு, அஞ்சு நாளா ஒரு பொம்பளை உள்ளே வரல. நல்லாப் பழகுன கை அடுக்குற வேகம். அது நின்னது. உடனே பிரிண்டர் ஓடுச்சு. க்ரீக்... க்ரீக்... க்ரீக்... கரண்டு இல்ல, ஞாபகம் வச்சுக்கோங்க.

பன்னிரண்டே பத்துக்குப் பிரிண்டர் நின்னது. மீனாட்சியம்மாள் எந்திரிச்சு நின்னு கும்பிட்டது. எதைப் பார்த்துக் கும்பிட்டதுன்னு கேட்டா, "எம் பிள்ளை வந்துட்டு போறா"ன்னு சொல்லிச்சாம். சோலைமுத்து கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. கேட்டு மட்டும் திறந்து கிடந்தது. சாவி இவன் இடுப்பில்.

கதவை உடைச்சு உள்ளே போனான். பாண்டியராஜன் நாற்காலியில் உக்காந்திருக்கான். கண் திறந்திருக்கு, மூச்சு ஓடுது. வலது கை பெருவிரலை மேசையில் அழுத்தி வச்சிருக்கான். தூக்க முடியல. சோலைமுத்து ரெண்டு கையால் பிடிச்சு இழுத்துத்தான் பிரிச்சானாம். விரல் கரிக்கட்டை.

பிரிண்டரில் ஒரு தாள். மேலே செவ்வாய்க்கிழமை தேதி. அன்னைக்கு வேலைக்கு வந்த அத்தனை பேர் பேரும் வரிசையா இருக்கு, கையெழுத்துக் கட்டம் எல்லாம் காலி. முப்பிடாதி வரி மட்டும் நிறைஞ்சிருக்கு. உள்ளே வந்த நேரம் ஏழு நாப்பத்திரெண்டு. வெளியே போன நேரம் பன்னிரண்டு பத்து. அவ நாலாங் கிளாஸ் வரை போனவ, பேரைக் குண்டு குண்டா எழுதியிருக்கா.

தாளோட அடியில், கடைசி வரி. பாண்டியராஜன். உள்ளே வந்த நேரம், கரண்டு போன அதே பன்னிரண்டு. வெளியே போன நேரம்... வெறும் கட்டம். கையெழுத்துக்கு நேரே கைநாட்டு.

சோலைமுத்து அந்தத் தாளைக் கிழிச்சிருப்பான். கிழிக்கத்தான் எடுத்தான், அவனே சொன்னான். தாள் சுட்டுது. அந்தப் பயத்தில் ஓடிப்போய் அந்தம்மா கையில் குடுத்துட்டான். நல்லவன்னு நினைச்சுராதீங்க.

திங்கக்கிழமை ஆபீசர் தாளைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து பார்த்தார். ரெண்டும் ஒண்ணு. வேலைக்கு வந்த இடத்தில் செத்தாள்னு எழுதினார். கடைசி வரியைக் காட்டி, "இது யாரு? தீப்பிடிச்சப்ப இவரும் உள்ளே இருந்தாரா?"ன்னு கேட்டார். மொதலாளி ஆளை விட்டு ஆபீசருக்கு மோர் வாங்கியாரச் சொன்னான். மீனாட்சியம்மாள் அந்தத் தாளை மடிச்சு இடுப்பில் செருகிக்கிட்டுப் போச்சு. அதுக்கு அப்புறம் கேட்டுக்கு வரல.

இப்ப நான் பார்த்தது.

மறு வருசம் கோவில்பட்டியில் ஒரு வீடு மாத்த என்னைக் கூப்பிட்டாங்க. கட்டில், பீரோ, ஆட்டுரல். போய்ப் பார்த்தா பாண்டியராஜன் வீடு. பொண்டாட்டி சுதாராணி, பாவம், அதுதான் எல்லாம் ஏத்திக்கிட்டு நிக்குது. அவன் மூலையில் உக்காந்திருக்கான். பேங்கில் கையெழுத்து ஒத்து வரலன்னு கைநாட்டுதான் வாங்குதாங்களாம். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம், பொய் சொல்லல.

பீரோவை நகத்தினேன். பின்னால் சுவரில் கைநாட்டு. ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு, கோடு போட்ட மாதிரி. சுவர் முழுக்க.

"இவுக தினமும் பன்னிரண்டு மணிக்கு வைக்காவ அண்ணாச்சி"ன்னு சுதாராணி சொல்லுது. "மூணு தடவை வெள்ளையடிச்சாச்சு. அதான் வீட்டையே மாத்துதோம்."

"என்ன சார், இன்னும் வெளியே வரலயா?"ன்னு கேட்டேன் அவனை. கேக்கணும்னுதான் கேட்டேன். அவன் என்னைப் பார்த்து, "மணி என்ன?"ன்னான். பதினொன்னே முக்கால்.

ஒரே ஓட்டமா மிச்சச் சாமானை ஏத்தினோம். அவனை முன்னால், டிரைவர் பக்கத்தில், ரெண்டு கையையும் துண்டால் கட்டி உக்கார வச்சோம். புது வீடு எட்டயபுரம் ரோட்டில். காலையில்தான் வெள்ளையடிச்சிருக்கு, சுண்ணாம்பு வாடை போகல. சாவி சுதாராணி கையில். பூட்டைத் திறந்து நான்தான் முதல் ஆளா உள்ளே போனேன், கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு. சுவர்க் கடிகாரம் இன்னும் மாட்டல. என் கை வாட்சில் பன்னிரண்டே பத்து. அவன் இன்னும் கை கட்டோட வண்டிக்குள்ளதான்.

எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.

பழைய வீட்டுக் கைநாட்டு அத்தனையும் அப்படியே இருக்கு. ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு. ஒண்ணு கூடக் குறையல. அடியில் ஒண்ணு மட்டும் கூட இருக்கு... அது இன்னும் காயல.