ஜெனிஃபருக்கு அரைத்த மாவு

கேழ்வரகு நைஸாக வர வேண்டுமென்றால் இரண்டு தரம் அரைக்க வேண்டும், சார். முதல் தரம் குருணையாகத்தான் விழும். மிஷினின் திருகாணியை இறுக்கிவிட்டு மறுபடி போட்டால்தான் மாவு. என் கொழுந்தன் ரஞ்சித்குமாரின் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. மிஷினை வாங்கியவள் அவள், அரைத்தவள் நான்.

ஜெனிஃபர் பொன்னேரிக்காரி. கல்யாணமாகிப் பழவேற்காட்டுக்கு வரும்போதே நோயோடுதான் வந்தாள். கோதுமை அவளுக்கு ஆகாதாம். ஒரு பொட்டு உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடுமாம். சென்னை டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதத்தை எங்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். நான் இடுப்பளவு ஏரித் தண்ணீரில் நின்று, சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிக்கிறவள். சிப்பி காலைக் கிழித்தால் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி இறங்கிவிடுவேன். சப்பாத்தி தின்றால் செத்துப்போவேன் என்கிறவளை வீடே தாங்கு தாங்கென்று தாங்கியது.

கடைத்தெரு மில்லில் எல்லாத் தானியத்தையும் ஒரே மிஷினில் கொட்டுகிறார்கள் என்று, கையால் சுற்றும் இந்த இரும்பு மிஷினை வரவழைத்தாள். மேசை விளிம்பில் மாட்டிச் சுற்ற வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, நீங்க சுத்துனாதான் மாவு நல்லா வருது" என்றாள். பெரிய பாராட்டு என்று நினைப்பு.

ரேஷன் கோதுமை வீட்டில் இருந்தது. அரைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளி அவளுடைய கேழ்வரகோடு போட்டேன். ஒரு மாதம் தின்றுவிட்டு நன்றாகத் திரிந்தாளானால், அவள் நடிப்பை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடலாம் என்றுதான்.

அது தை மாதம். சித்திரையில் அவள் வளையல் முழங்கை வரை ஏறியது. ஆடியில் எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அப்போதும் என் கஞ்சியைத்தான் கேட்டாள். நானே காய்ச்சி, நானே ஊட்டினேன். ரஞ்சித்குமார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன் அண்ணி" என்று அழுதான். மூக்கு ஒழுக அழுகிற ஆம்பளையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கோதுமை எங்கயாவது கலக்குதாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப நிறுத்தினாக்கூடக் காப்பாத்திடலாம்."

"ஒரு பொட்டு கெடையாது. என் கையாலதான் அரைக்கறேன்" என்றேன்.

ஒன்பதாம் நாள் ஜெனிஃபர் போய்ச் சேர்ந்தாள்.

மீந்த மாவை எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டீர்கள், சார். இனி மறைக்க ஒன்றுமில்லை. நோயை நம்பாததால் செய்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். அவருக்கு என்ன தெரியும். முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. கோதுமை கலந்திருப்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமலேயே கொல்லைப்புறத்தில் சுருண்டு கிடந்து வாந்தி எடுத்தாள். தெரியாத ஒன்றுக்கு யாராவது நடிப்பார்களா?

அன்றைக்கே நிறுத்தியிருந்தால் தேறியிருப்பாள். தேறினால் அவள் சொன்னதே சரி என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவளிடம் போயா?

அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பிடி போட்டேன்.