ஓவியருக்கு வேண்டிய கையெழுத்து

அம்மாவோட டெத் சர்டிஃபிகேட்ட வாங்கிட்டு சௌல்தாரி ஊருக்குப் போற பஸ்ல உக்காந்திருந்தேன். யாரையும் பாக்கப் பிடிக்கல. முன்சீட்ல ஒரு அண்ணனும் தங்கச்சியும், ரெண்டு பேருக்கும் அம்பது வயசுக்கு மேல. திடீர்னு அண்ணன் சொன்னாரு.

"படம் வரையறவனுக்கு நம்ம சொந்தம் எதுக்கு? நிலத்துக்குத்தான்."

"அவ்ளோ பேரெடுத்த ஓவியருக்கு உன் பாக்குத்தோப்பு எதுக்குண்ணே?"

"பின்ன எதுக்கு மெயின்லேண்ட்லருந்து ஆள் அனுப்பி, பழைய கைதி ரிஜிஸ்டர ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்து, கையெழுத்து கேக்குறான்?"

"அவரு கொள்ளுத்தாத்தாவும் நம்ம கொள்ளுத்தாத்தாவும் கூடப்பொறந்தவங்களாம். அத எழுதி வெக்கத்தான்."

"அரே, நம்மாளக் கைதியா இந்தத் தீவுக்குக் கப்பல் ஏத்தினதும் தலை முழுகினவங்க அவங்க. உசுரோட இருந்தவருக்குக் காரியமே பண்ணிட்டாங்கன்னு வந்தவனே சொன்னான்ல? இப்ப மட்டும் என்ன பாசம்?"

தங்கச்சி மெதுவா சொன்னாங்க.

"ரிஜிஸ்டர்ல நம்ம கொள்ளுத்தாத்தா நெஜமா செத்த தேதி இருக்காம்ணே. நாம தேதி தெரியாமத்தான ஆடி அமாவாசைக்குப் பொதுவா படைக்கிறோம்?"

நான் பைக்குள்ள கைய விட்டு அம்மா பேப்பரத் தொட்டுப் பாத்தேன்.

"தேதி இருக்கா? நீ பாத்தியா?"

"வந்தவரு இருக்குன்னாரு. கையெழுத்து போட்டா காப்பி தருவாராம்."

"பாத்தியா, அங்கதான் பொறி வெக்கிறான்."

அவங்க ஸ்டாப் வந்துருச்சு. அண்ணன் எந்திரிச்சு, கம்பியப் புடிச்சிட்டு நின்னாரு.

"சரி, நாளைக்கு அவன வரச்சொல்லு, கையெழுத்து போட்டுருவோம். நில பேப்பர மட்டும் உன் பீரோல வெச்சுப் பூட்டிரு. சாவி என்கிட்ட இருக்கட்டும்."