பச்சை றிபன்

இல்லை அண்ணை, அந்தப் பிள்ளையின்ரை பேர் சொல்லமாட்டன். வந்த நேரத்திலையிருந்து அதைத்தானே கேக்கிறியள், நானும் அதைத்தானே சொல்லுறன். இருங்கோ, எழும்பாதேங்கோ. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. கோவம் வேறை, வீட்டுக்கு வந்த ஆளுக்குக் குடுக்கிறது வேறை.

நீங்கள் தலைவரெண்டால் அது உங்கடை கோயிலுக்கு. இது என்ரை வகுப்பு. பத்தாம் ஆண்டுப் பிள்ளையளுக்குக் குடியுரிமைக் கல்வி ஒன்லைனிலை படிப்பிக்கிறன். உடுப்பிட்டியிலையிருந்தும் வருதுகள், புத்தூரிலையிருந்தும் வருதுகள், உங்கடை மகள் நிவேதனாவும் வாறா. டேற்றா காணாதெண்டு அரைவாசிப் பிள்ளையள் கமராவை நிப்பாட்டிப் போட்டுத்தான் இருக்கிறது. ஆர் எந்த வீட்டுப் பிள்ளையெண்டு ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. கேள்வியளும் எனக்குத் தனியத்தான் எழுதி வரும், பேர் சொல்லாமல் வாசிப்பன். பள்ளிக்கூடத்திலை வாய் திறக்காததுகள் என்ரை வகுப்பிலை கேள்வி கேக்கிறது அதாலைதான். அதைத்தான் நீங்கள் கெடுக்க வந்திருக்கிறியள்.

ஓம், அந்தக் கிழமை அடிப்படை உரிமைதான் படிப்பிச்சனான். பன்னிரண்டாம் உறுப்புரை. சாதியைச் சொல்லி ஒருத்தரை அவரின்ரை சமயத்துக் கோயிலுக்கு வரவிடாமல் மறிக்கேலாது எண்டு கிடக்கு. நான் எழுதினதே? நாட்டின்ரை அரசியலமைப்பிலை கிடக்கு.

அப்ப ஒரு பிள்ளை கேட்டுது. ரீச்சர், எங்கடை ஊர்த் தேருக்கு வடம் பிடிக்கிறவை கையிலை பச்சை றிபன் கட்டோணுமெண்டு கோயில் சபை சொன்னது, கோயிலுக்குப் பின்னாலை போற ஒழுங்கைக்கு அங்காலை இருக்கிற ஒரு வீட்டுக்கும் றிபன் குடுக்கேல்லை, அது சரியோ எண்டு. றிபன் இல்லாமல் வடத்தைத் தொட்ட ஒரு வயசுபோன மனுசனின்ரை கையைத் தட்டிவிட்டதைத் தான் கண்டதெண்டும் சொல்லிச்சுது. நான் என்ன சொல்லோணும்? பிழை எண்டு சொன்னன். சோதினையிலை வந்தாலும் அதுதான் விடை.

ஆர், நீங்களோ தட்டினது? ஒழுங்கு பாக்கிறது தலைவரின்ரை வேலையோ? நல்லது. அந்தப் பிள்ளை உங்கடை பேரைச் சொல்லேல்லை, இப்ப நீங்களே சொல்லிப்போட்டியள்.

சனநெரிசலோ? சனநெரிசலுக்குத்தான் றிபனெண்டால், ஒழுங்கைக்கு இங்காலை நிண்ட சின்னப் பெடியளுக்கெல்லாம் எப்பிடி வந்தது? என்னைப் பேய்க்காட்டாதேங்கோ அண்ணை.

அந்த வகுப்பு வீடியோவையும் அழிக்கமாட்டன். வகுப்புக்கு வராத பிள்ளையள் பாக்கட்டுமெண்டு குறூப்பிலை போட்டது. அது கனடாவுக்குப் போய், அங்கையிருந்து கோபுரத்துக்குக் காசு அனுப்புற ஆக்கள் போன் எடுத்துக் கேட்டாப் பிறகுதானே உங்களுக்கு என்ரை வீட்டுப் படலையைத் திறக்கத் தெரிஞ்சது. மானம் போச்சுது எண்டுறியள். கையைத் தட்டேக்கை போகாத மானம் வீடியோவிலை போச்சோ?

பேரைக் கேக்கிறது புத்திமதி சொல்லவாம். எனக்கு விளங்காதே? பேர் தெரிஞ்சால் நாளைக்கு அந்தப் பிள்ளையின்ரை தேப்பனுக்கு உங்கடை ஆக்களின்ரை வெங்காயத் தோட்டத்திலை வேலை இல்லை. தாய் கடைக்குப் போனால் சாமான் இல்லையெண்டுவினம். அந்தப் பிள்ளை பிறகு சாகுமட்டும் வாய் திறக்குமே? உங்கடை மகளை மறிக்கிறதெண்டால் மறியுங்கோ, ஊர்ப் பிள்ளையள் எல்லாரையும் மறியுங்கோ. மிச்சம் ஒரு பிள்ளை இருந்தாலும் அதுக்குப் படிப்பிப்பன்.

என்ன சொன்னனியள்? ரீச்சர் எங்கடை ஆள்தானே, ரீச்சரே எங்களை விளங்கிக்கொள்ளாட்டி எப்பிடி எண்டோ? ஆர் சொன்னது நான் உங்கடை ஆளெண்டு? உடுவிலிலை வீடு, மதில், படிப்பு, இதுகளைப் பாத்துப்போட்டு நீங்களே முடிவெடுத்திட்டியள். வந்து கதிரையிலை இருக்க முந்தியே ரீச்சருக்கு எவடமெண்டு கேட்டியள். உடுவில் எண்டன். இல்லை, சொந்த இடம் எவடமெண்டியள். அது ஏன் கேக்கிற கேள்வியெண்டு இஞ்சை எல்லாருக்கும் தெரியும். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன் எண்டு உள்ளை போயிட்டன்.

இப்ப சொல்லுறன் கேளுங்கோ. உங்கடை கோயிலுக்குப் பின்னாலை ஒழுங்கை. ஒழுங்கைக்கு அங்காலை மூண்டாவது வீடுதான் எங்கடை. சின்னனிலை இடம்பெயர்ந்து போய் வன்னியிலை படிச்சனான், உங்களுக்கு என்ரை முகம் தெரிய ஞாயமில்லை. அப்பாவின்ரை பேர் ஏரம்பு. பேர் தெரியாட்டியும் கை தெரியும், நீங்கள் தட்டிவிட்ட கைதானே. தேரண்டு வீட்டை வந்த மனுசன் சாப்பிடாமலே போய்ப் படுத்திட்டார்.

சபைக்கு ஒரு பேர் குடுக்கத்தான் வேணுமெண்டால் என்ரை பேரைக் குடுங்கோ.

கப்பை ஏன் அப்பிடிப் பாக்கிறியள் அண்ணை? குடிச்சு முடிச்சிட்டியள்தானே. உதிலை வையுங்கோ, நான் கழுவுறன்.