மணியை நிறுத்தப் போய்ப் புகாரை அழித்தவன் பேசுகிறேன்

இரு காதிலும் பஞ்சை வைத்துக்கொண்டு, நான் பேசுவதைக் கேட்பது போலவே வீற்றிருந்து அவையை நடத்தும் நூலகத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முற்பகலிலேயே பிடித்துவிட்ட மூத்த வாசகப் பெரியோர்களே! பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் எடுக்க வந்து, கூட்டம் என்று தெரிந்ததும் தப்ப வழியின்றி அமர்ந்துவிட்ட தாய்மார்களே! எல்லோருக்கும் மேலாக, நான்கு நாளாக என் முகத்தில் விழிக்காத, நூல்களுக்கு அட்டவணை போடும் அக்கா அவர்களே! உங்கள் பொறுமைக்குத் தலைவணங்கித் தொடங்குகிறேன்.

இதோ, அடித்ததே, கேட்டதா? கைதட்டல் என்று நினைத்து ஒரு நொடி மகிழ்ந்துவிட்டேன். அது கணினி அடிக்கும் மூடும் நேர மணி. மாலையில் ஒரே ஒரு முறை அடிக்க வேண்டியது, நான்கு நாளாக மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அடிக்கிறது. ஒவ்வொரு முறையும் நம் வாசகர்கள் புத்தகத்தை மூடுகிறார்கள், எழுகிறார்கள், கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், மறுபடி அமர்கிறார்கள். வாசிக்க வந்தவர்களுக்கு இவ்வளவு உடற்பயிற்சி வேறு எந்த நூலகம் தந்தது?

என்ன ஐயா, கடைசி வரிசையில்? "சுவிட்சை அணைச்சா முடிஞ்சுதே" என்கிறீர்களா? அருமை! அதே கணினியில்தான் இரவல் பதிவேடும் ஓடுகிறது. அணைத்தால், அந்தச் சமையல் புத்தகத்தை நீங்கள் திருப்பித் தந்ததற்கு அத்தாட்சி கிடையாது. அணைக்கட்டுமா? சரி, உட்காருங்கள்.

நான் இந்த நூலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். என் மேல் சுமத்தப்பட்ட குற்றம் என்ன? களவா? கையாடலா? இல்லை. என்மீது எழுதப்பட்ட புகாரை நானே அழித்தேனாம்! அழித்தது உண்மை. ஆனால் தெரிந்து அழிக்கவில்லை. அது எப்படி என்று சொல்லத்தான் இந்த மேடை.

கணினிக்குள் ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நிறுத்த வேண்டுமானால் அந்த எண்ணைச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். அந்த எண்ணோ நிரல் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மாறும். ஆகவே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். அதாவது, கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த சின்னக் கோப்பு. ஓடுகிற எல்லாவற்றையும், அவை திறந்திருக்கும் கோப்புகளின் பெயரோடு பட்டியலிடு. எந்த வரியில் 'மணி' என்று இருந்தாலும் அந்த எண்ணை ஒழி. மறுபேச்சே இல்லை! எவ்வளவு கம்பீரமான கட்டளை! எவ்வளவு கேடுகெட்ட கட்டளை!

மணி கெட்ட முதல் நாள் காலையிலிருந்து அக்கா அதே கணினியில் இந்த மணியைப் பற்றி நான்கு பக்கம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். கோப்பின் பெயர் 'மணி-புகார்'. பெயர் வைத்ததோடு சரி, ஒரு முறைகூடச் சேமிக்கவில்லை. என் பட்டியலில் முதல் வரி எது? அக்காவின் கடிதம். இரண்டாம் வரி? 'மணி-நிறுத்து' என்று நான் பெயர் வைத்த என் ஸ்கிரிப்டே! மூன்றாம் வரி? 'மணி எங்கே, மணி எங்கே' என்று தேடிக்கொண்டிருந்த அந்தத் தேடல் கட்டளை. நான்காம் வரியில்தான் ஐயா, அசல் மணி! ஸ்கிரிப்ட் முதலில் கடிதத்தை ஒழித்தது. அடுத்து, கடமை தவறாமல், தன்னையே ஒழித்துக்கொண்டது. நான்காம் வரிக்குப் போக ஆள் இல்லை.

அக்கா எழுந்து வந்தார். "உன் மேல புகார் எழுதுறேன்னு தெரிஞ்சுதானே அழிச்சே?"

"இல்லக்கா, சத்தியமா மணியைத்தான் நிறுத்தப் பார்த்தேன்."

"அப்ப அது ஏன் இன்னும் அடிக்குது?"

அந்த நொடி பார்த்து அடித்தது. தலைவர் சொன்னார்: "கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நிரூபிங்க. இல்லேன்னா சாவியை மேசையில வச்சிட்டுக் கிளம்புங்க." இதோ, சாவி மேசையில்தான் இருக்கிறது.

அன்றே மேல்தளங்களில் அடிக்கும் மணிகளிலும் முயன்றேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மூன்று தளம், மூன்று கணினி, மூன்றும் வெவ்வேறு வீட்டுச் சம்பந்திகள்! கீழ்த்தளத்தில் பட்டியலின் இரண்டாம் பத்தியில், அதாவது நெடுவரிசையில், எண் இருக்கும். நடுத்தளத்தில் அங்கே பயனரின் பெயர் இருக்கும். 'வாசகர்' என்ற எண்ணை ஒழிக்க முடியவில்லை என்று அது என்னிடமே வருத்தம் தெரிவித்தது! மேல்தளமோ, நீ கேட்ட விதமே எனக்குப் புரியவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பெரியோர்களே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனையாவது பத்தி என்று நான் ஏன் ஊகிக்க வேண்டும்? வேண்டியதை வாய்விட்டுக் கேட்டால் என்ன? எல்லா நிரலையும் காட்டு. எண்ணைச் சொல், நிரலின் பெயரைச் சொல், தலைப்பு வேண்டாம், அது திறந்திருக்கும் கோப்பின் கதையும் வேண்டாம்! இப்படிக் கேட்கும் பொது முறையை இந்த மூன்றுமே ஏற்கின்றன. பெயர் முழுதாக 'மணி' என்றே இருக்கிறதா? அதை மட்டும் நிறுத்து. பெயரில் ஒரு துண்டு ஒத்துப்போனதற்காக ஒருவரைத் தண்டிக்கலாமா? தண்டித்தேனே! காலை முழுக்க உழைத்தவரின் நான்கு பக்கத்தைத் தண்டித்தேனே! அக்கா, அதற்காக இந்த அவை அறிய மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது அக்கா அதே கடிதத்தை மறுபடி தட்டச்சு செய்து அங்கே திறந்து வைத்திருக்கிறார். அதே பெயர், 'மணி-புகார்'. அக்கா, சேமிக்காதீங்க! கையை எடுங்க! ஆமாம், பயமாத்தான் இருக்கும், எனக்கும் பயமாத்தான் இருக்கு. தலைவர் அவர்களே, பஞ்சை எடுத்துவிடுங்கள். ஒரே ஸ்கிரிப்ட், மூன்று தளம். இதோ, தட்டிவிட்டேன்.

இனி மூன்று நிமிடம் காத்திருப்போம். நான் பேசாமல் இருப்பேன். என் வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

மூன்று நிமிடம் ஆயிற்று. நான்கும் ஆகப்போகிறது. எந்தத் தளத்திலும் சத்தமில்லை. அக்கா?

"இருக்குப்பா. ஒரு எழுத்துகூடப் போகல. முதல் பக்கம் முழுக்க உன்னைப் பத்திதான்."

கேட்டீர்களா! என்னைக் குற்றம் சாட்டும் நான்கு பக்கமும் பத்திரமாக இருக்கின்றன! அவற்றைவிட நல்ல சாட்சி எனக்கு வேறு யாரால் சொல்ல முடியும்? அக்கா, இப்ப சேமிங்க. தலைவர் அவர்களே, அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. நான் சாவியை எடுத்துக்கொள்கிறேன்.

மணி அடிக்காததால் எப்போது எழுவது என்று தெரியாமல் அமர்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! கூட்டம் முடிந்தது, எழலாம். உங்கள் அனைவருக்கும் நன்றி. அக்காவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.