கோணல் தட்டும் ஒரு கோலியும்

இல்லக்கா, கோணிப்போனது இல்ல. கோணலாதான் செய்யச் சொன்னேன். சைக்கிள் சீட்டு மாதிரி, ரெண்டு பக்கம் தூக்கி, ரெண்டு பக்கம் எறங்கி. மடி வலிச்சா சொல்லுங்க, வாங்கிக்கிறேன். இந்த பஸ்ஸு நெரிசல்ல உங்க கீரைக்கூடைக்கு என் காலடியில எடம் குடுத்திருக்கேன்ல, என் தட்டுக்கு உங்க மடி.

காலேஜுக்குத்தான். எம்எஸ்சி, பிசிக்ஸ். பத்து மணிக்கு இத வச்சுப் பேசணும். பேசினாதான் ஆராய்ச்சிப் படிப்புக்கு வாத்தியாரு என் பேர அனுப்புவாரு.

வில்லியனூர்ல பானை செய்ற சுப்பராயலு அண்ணன் செஞ்சது. மொதல்ல ஒண்ணு செஞ்சாரு, அது வீணாப்போச்சு. அரை ஈரமா காய வச்சிருந்தத அவரு சம்சாரம் ருக்குமணியக்கா பாத்துட்டு, ஐயோ கோணிக்கிச்சேன்னு பாவம் ரெண்டு கையாலயும் அமுக்கி நிமித்தி, சூளையில அடுக்கிட்டாங்க. எங்க வூட்டு அரிசிப் பானைக்கு நல்ல மூடி ஒண்ணு கெடச்சுது. இது காயிறவரைக்கும் நானே பக்கத்துல காவல் ஒக்காந்திருந்தேன்.

நடுவுல ஒரு கோலி வச்சா இன்னா ஆவும், சொல்லுங்க? ஆங், எறங்குன பக்கமா உருண்டு வுழுந்துடும். சுத்துனா? அதான் இல்ல, வீசி எறியாது. மைக்செட்டு சாமிநாதன் அண்ணங்கிட்ட ரெக்கார்டு பிளேயர் எரவல் வாங்கி, இத மேல வச்சுச் சுத்திப் பாத்தேன். நிமிஷத்துக்கு முப்பத்துமூணு சுத்துல வச்சா கோலி கீழ. எழுபத்தெட்டுல வச்சா கொஞ்ச நேரம் நடுவுலயே நிக்கும். அது ஒரு பக்கமா சாயறதுக்குள்ள அங்க மேடு வந்துடுது.

இன்னாத்துக்கா? கோலி சும்மா காட்டத்தான்கா. நெசமா புடிக்கவேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒரு அணு. மின்சாரம் ஏறின அணு, அயனின்னு பேரு. டப்பாவுல போட்டா சுவரத் தொட்டுடும், ஏறுனது எறங்கிடும். அதனால தொடாம, சுத்தியும் உலோகத்துண்டு வச்சு கரண்டாலயே நடுவுல தள்ளி நிறுத்தணும். ஆனா கரண்டு ரெண்டு பக்கம் மறிச்சா, வேற பக்கம் தொறந்து வுட்டுடும். நீங்க கோழி புடிச்சதில்ல? கெழக்கயும் மேக்கயும் ஆளு நின்னா தெக்கால ஓடும். அது ஓடறதுக்குள்ள மறிக்கிற பக்கத்த மாத்தணும். மாத்திக்கிட்டே இருக்கணும், நொடிக்கு லட்சக்கணக்கான தடவ. மெதுவா மாத்துனா போச்சு. சரியான வேகத்துல மாத்துனா கோழி நடுவுலயே தெகச்சு நிக்கும்.

சிரிங்க, சிரிங்க. உங்க வூட்டுக் கோழி நிக்காதுதான். அயனி அதவிட நல்ல புள்ள.

அதுவும் சும்மா நிக்காதுக்கா. வில்லியனூர்த் தேரு பாத்திருக்கீங்கள்ல? மொத்தத் தேரும் நிதானமா ஆடி ஆடி வரும், மேல தொங்குற குஞ்சமெல்லாம் பொடிப்பொடியா நடுங்கும். அப்பிடித்தான், பெரிய ஆட்டத்துக்குள்ள ஒரு சின்ன நடுக்கம். அத எழுதிக் காட்டக் கணக்கே இருக்கு, உங்கள வுட்டுடறேன்.

நல்லா பேசுறனா? கீரைக்காரங்க நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க. எங்க கிளாசுல சொல்லிப் பாருங்க, நம்ப மாட்டாங்க. போன மாசம் இதே விஷயத்துக்கு மேடை ஏறுனேன். எதுர இருபது பேரு. அனைவருக்கும் வணக்கம்னேன், எறங்கிட்டேன். அவ்ளோதான் என் பேச்சு. இன்னைக்கு ரெண்டாவது தடவ. மூணாவது கெடையாதுன்னுட்டாரு வாத்தியாரு.

மணி ஒம்போதரையா?

இல்லக்கா, இனிமே வராது. காலேஜ் ஸ்டாப்பு போயிடுச்சு. கோழிக்குச் சிரிச்சீங்கள்ல, அப்ப. பாத்தேன். எழுந்திரிக்கத்தான் தைரியம் வரல.

ஐயோ, எதுக்குக்கா பெல்லு கயித்த இழுக்குறீங்க? கண்டக்டரு முறைக்கிறாரு பாருங்க. இல்ல, நடந்தா கால்மணி நேரம்தான். கீரை வாடிடுமே... கூட வரீங்களா? நெசமாவா?

சரி, கூடைய நான் தூக்கிக்கிறேன். தட்ட ஓரத்துல புடிக்காதீங்க, அடியில தாங்குங்க. உள்ள வந்து மொத பெஞ்சுல ஒக்காந்துக்கங்க. கோழி வர்ற எடத்துல சிரிங்க. வணக்கத்தோட நின்னுட்டேன்னா, அப்பவும் சிரிங்கக்கா.